கீமோவோடு இன்னொரு மாத்திரை சேர்த்தால் கூடுதல் பலமா?

வாசகர் கேட்டது, 2025 ஜனவரி 11

மகளுக்கு 14 வயது. தொடை எலும்பில், முட்டிக்கு மேலே ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்று. கீமோ, ஆபரேஷன், மறுபடி கீமோ எல்லாம் முடிந்து ஒன்பது மாதம் நன்றாக இருந்தாள். இப்போது நுரையீரலில் மூன்று கட்டி. ஐபாஸ்பமைடு, எட்டோபோசைடு என்று வேறு கீமோ தொடங்கியிருக்கிறார்கள். இதே கீமோவோடு லென்வாட்டினிப் என்ற, புற்றைக் குறிவைத்துத் தாக்கும் டார்கெட் மாத்திரையைச் சேர்த்து வெளிநாட்டில் கொடுத்தார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டாக்டர் வேண்டாம் என்கிறார். நான் சிவதாபுரத்தில் வெள்ளிப் பட்டறையில் வேலை செய்கிறவன், காசு கட்ட மாட்டேன் என்று நினைத்துச் சொல்கிறாரோ என்னவோ. ஒன்றுக்கு இரண்டு மருந்து என்றால் கூடுதல் பலம்தானே? நானே வாங்கிக் கொடுத்தால் என்ன?

ஜனவரி 11, இரவு

கொடுக்காதீர்கள் தம்பி. விளக்கம் பிறகு எழுதுகிறேன். கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் ஒரு மாத்திரைகூடச் சேர்க்கக் கூடாது.

நான் டாக்டர் இல்லை. பார்மசி படித்துவிட்டு சேலம் அஸ்தம்பட்டியில் 19 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் அக்கா மகனுக்கு உங்கள் மகளுக்கு வந்த அதே நோய், அதே இடத்தில் வந்தது. நீங்கள் இன்று கேட்டதை 2017-ல் நானும் கேட்டேன், உங்களைவிடக் கோபமாக.

ஜனவரி 12

உங்கள் சொந்தக்காரர் அனுப்பியது பொய் இல்லை. அதில் பாதிக் கதை விட்டுப்போயிருக்கிறது.

வெளிநாட்டில் முதலில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். திரும்ப வந்த ஆஸ்டியோசார்கோமாவில் ஐபாஸ்பமைடு, எட்டோபோசைடோடு லென்வாட்டினிப்பும் கொடுத்து 35 பேரைப் பார்த்தார்கள். நான்கு மாதம் கழித்தும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் வளரவில்லை. இந்த நோயில் அது நல்ல சேதி. 2021-ல் வெளிவந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதில் எல்லோருக்கும் மூன்று மருந்தும் போனது. நோயை நிறுத்தியது மாத்திரையா, கீமோவா? அதற்கு அந்த ஆய்வில் பதில் இல்லை. அதனால் அடுத்து ஓலி என்ற பெயரில் இன்னொன்று நடத்தினார்கள். 81 பேர், 2 வயது முதல் 25 வயது வரை. குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்குக் கீமோ மட்டும், மறுபாதிக்குக் கீமோவோடு லென்வாட்டினிப். நோய் மறுபடி வளரத் தொடங்கும் வரையான காலம், நடு மதிப்பாக, மாத்திரை சேர்த்தவர்களுக்கு 6.5 மாதம், சேர்க்காதவர்களுக்கு 5.5 மாதம். அந்த ஒரு மாத வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான் என்று கணக்கு சொன்னது. பக்கவிளைவு மாத்திரை சேர்த்த பக்கம் அதிகம். ஆக, அந்த மாத்திரை தோற்றுவிட்டது.

உங்கள் டாக்டர் வேண்டாம் என்று சொன்னது இதைப் படித்துவிட்டுத்தான் இருக்கும். காசைப் பார்த்து இல்லை என்றே நம்புகிறேன்.

ஜனவரி 12, கடை மூடிய பிறகு

இந்தக் குலுக்கல் எதற்கு என்று எனக்குப் புரியவைத்தவர் என் மச்சான், அக்கா வீட்டுக்காரர். பத்தாவது வரைதான் படித்தவர். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. நான் பார்மசி படித்தவன், எனக்கு அவர் சொல்லித்தான் மண்டையில் ஏறியது.

"புது உரம் வந்தா எல்லா வரிசைக்கும் போட மாட்டோம் மாப்ள. ஒரு வரிசைக்குப் போட்டு பக்கத்து வரிசையை அப்படியே விடுவோம். அதே நிழல், அதே சரிவு, அதே மழை. எல்லாத்துக்கும் போட்டுட்டா, காய் நல்லா புடிச்சது உரத்தாலயா, அந்த வருசம் பூ மழை சரியா பேஞ்சதாலயான்னு எவன் சொல்றது?"

அந்த 35 பேர் எல்லா வரிசைக்கும் உரம் போட்ட தோட்டம். 81 பேர் ஆய்வில்தான் பக்கத்து வரிசை இருந்தது. அந்தப் பக்கத்து வரிசையும், வெறும் கீமோவில், எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தது. அது இல்லாமல் போயிருந்தால் முழுப் பெயரையும் மாத்திரைக்கே கொடுத்திருப்போம்.

ஜனவரி 15

என் கதையை எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

2017 ஜூனில் பையனுக்கு 15 வயது. முட்டி வலி என்று மூன்று மாதம் எண்ணெய் தேய்த்தோம். மைதானத்தில் விழுந்ததால் வந்த வலி என்று நினைத்தோம். இரவில் வலி எழுப்பிவிடும், அப்போதும் புரியவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு டாக்டர் அன்றைக்கே சென்னைக்கு எழுதிக்கொடுத்தார். ஸ்கேனில் நுரையீரலிலும் சிறு புள்ளிகள்.

கீமோ மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் மூன்றும். உலகில் பல நாடுகளில் முதல் வரிசைச் சிகிச்சை இதுதான், 1980-களிலிருந்து பெரிதாக மாறவில்லை. நான் சும்மா இருக்கவில்லை. என் கடையில் சோலட்ரோனிக் ஆசிட் ஊசி விற்கிறது, மார்பகப் புற்று எலும்புக்குப் பரவியவர்களுக்குப் போடுவது. எலும்பை அரிக்கும் செல்களை அடக்கும் மருந்து. எலும்புப் புற்றுக்கு எலும்பு மருந்து, இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்க முடியும்? டாக்டரிடம் போய் நின்றேன், கீமோவோடு இதையும் போடுங்கள், நானே வாங்கித் தருகிறேன் என்று.

அவர் எரிச்சல்படவில்லை. பிரான்சில் இதையேதான் நினைத்தார்கள் என்றார். 318 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குக் கீமோவோடு இந்த ஊசியையும் போட்டுப் பார்த்தார்கள். இடையில் கணக்கெடுத்தபோதே பலன் வராது என்று தெரிந்து நிறுத்திவிட்டார்கள். 2016-ல் முடிவு வெளியானது. நான் போய்க் கேட்டது அதற்கு அடுத்த வருடம்.

அப்புறம் ஆபரேஷன். காலை எடுக்காமல் உள்ளே உலோக மூட்டு வைத்தார்கள். எடுத்த கட்டியைச் சோதித்ததில் கீமோவுக்கு 60 சதவீதம்தான் சுருங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட். 90-க்கு மேல் வந்தால்தான் நல்லது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் மறுபடி போய் நின்றேன். இந்தக் கீமோ போதவில்லை, ஐபாஸ்பமைடும் எட்டோபோசைடும் சேருங்கள்.

அதற்கும் பதில் வைத்திருந்தார். யூராமோஸ்-1. 17 நாடுகள், 2005 முதல் 2011 வரை 2,260 நோயாளிகள். எலும்புப் புற்றில் இவ்வளவு பெரிய ஆய்வு அதற்கு முன் இல்லை. நம் பையன் மாதிரி கீமோவுக்குச் சரியாக அடங்காத 618 பேரைக் குலுக்கல் போட்டார்கள். பாதிப் பேருக்கு அதே மூன்று மருந்து, பாதிப் பேருக்கு ஐந்து. மூன்று வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 55 சதவீதம், 53 சதவீதம். ஐந்து மருந்து வாங்கியவர்கள்தான் அந்த 53. கடுமையான பக்கவிளைவும் அவர்களுக்கே அதிகம்.

நான் வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் உட்கார்ந்து அழுதேன். போடு என்று சொல்ல எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஜனவரி 16

நேற்று எழுதியதில் ஒரு பிழை, ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார். 60 சதவீதம் 'சுருங்கியது' என்று எழுதியது தவறு. எடுத்த கட்டியைத் துண்டு துண்டாக நறுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எவ்வளவு செத்திருக்கிறது என்று கணக்கிடுவார்கள். 60 சதவீதம் செத்திருந்தது, 40 உயிரோடு இருந்தது. இந்தக் கட்டி எலும்பு மாதிரிச் சுண்ணாம்பைக் கட்டிக்கொள்வதால் உள்ளே முழுக்கச் செத்தாலும் வெளியே அளவு குறையாமலே இருக்கலாம். ஸ்கேனில் அதே அளவு இருக்கிறதே என்று மனம் விட வேண்டாம்.

ஜனவரி 19

"டிரையலில் (மருந்து ஆய்வில்) சேர்ந்தால் நம் பிள்ளையைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்கள், மாத்திரை கிடைக்காத பக்கம் விழுந்தால் ஏமாற்றம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஒன்றை மட்டும் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ கொடுப்பதே ஒரு குலுக்கலில்தான் நிரூபணமானது. 1980-களின் தொடக்கத்தில் கீமோ உண்மையில் உதவுகிறதா என்று பெரிய டாக்டர்களுக்கே சந்தேகம். ஆபரேஷன் முன்னேறியதால்தான் பிள்ளைகள் பிழைக்கிறார்கள் என்று ஒரு தரப்பு சொன்னது. அமெரிக்காவில் 36 பேரைக் குலுக்கல் போட்டார்கள். இரண்டு வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஆபரேஷன் மட்டும் செய்த பக்கம் 17 சதவீதம், கீமோவும் போட்ட பக்கம் 66 சதவீதம். 1986-ல் வெளியிட்டார்கள். அந்தப் 17 சதவீதப் பக்கத்தில் விழுந்த பிள்ளைகளின் பெயர் யாருக்கும் தெரியாது. உங்கள் மகளுக்கும் என் மருமகனுக்கும் கீமோ கிடைத்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

இங்கே சட்டமும் இருக்கிறது. 2009 ஜூனிலிருந்து மருந்து ஆய்வு எதுவானாலும் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருந்து ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். 2019-ல் வந்த மருந்து ஆய்வு விதிகளின்படி ஆய்வால் கெடுதல் வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும், பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

ஜனவரி 25

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதுகிறேன். டாக்டர் சேர்க்கச் சம்மதிக்காத மருந்துகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் நாங்களே ஒன்று சேர்த்தோம்.

மெத்தோட்ரெக்சேட்டை இந்த நோய்க்குப் பயங்கர அளவில் ஏற்றுவார்கள், உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 12 கிராம். முடக்குவாதத்துக்கு என் கடையில் விற்கும் அதே மருந்துதான், அங்கே வாரத்துக்குச் சில மில்லிகிராம். 12 கிராமை நான்கு மணி நேரத்தில் ஏற்றிவிட்டு, மறுநாளிலிருந்து லூக்கோவோரின் ஊசி போட்டு உடம்பைக் காப்பாற்றுவார்கள். ரெஸ்க்யூ என்பார்கள். சிறுநீர் காரத்தன்மையோடு இருந்தால்தான் மருந்து கிட்னியில் படியாமல் வெளியேறும், அதற்கு சோடா பைகார்பனேட் டிரிப்ஸ். பையன் ஒவ்வொரு முறையும் பாட்டிலில் பிடித்து, தானே காகிதப் பட்டையை நனைத்து, டப்பாவில் ஒட்டியிருக்கும் வண்ணங்களோடு வைத்துப் பார்ப்பான். ஏழுக்குமேல் இருக்க வேண்டும். பச்சை திரும்பி நீலம் தட்டினால் "பாஸ் மாமா" என்பான். நோட்டில் நேரம் போட்டு எழுதிவைப்பான், அவன் கையெழுத்து அவ்வளவு அழகு.

24, 48, 72 மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்தளவு பார்ப்பார்கள். 10-க்குக் கீழ், 1-க்குக் கீழ், 0.1-க்குக் கீழ் என்று இறங்க வேண்டும். மூன்றாவது முறை ஏற்றியபோது 48 மணி நேர அளவு 1-க்குக் கீழே வரவில்லை. லூக்கோவோரினைக் கூட்டினார்கள். 72-லும் இறங்கவில்லை. கிட்னி திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறியது. டாக்டர் அறைக்குள் வந்து கேட்டார்: வேறு ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா? இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். நான் பார்மசிஸ்ட், என் முன்னால் அப்படி நடக்குமா என்ற நினைப்பு.

என் அம்மா சுருக்குப் பையைத் திறந்தார். உள்ளே வெற்றிலை, சில்லறை, மடித்த அட்டை ஒன்று. அசிக்ளோபெனாக். என் கடை மாத்திரை, அம்மாவின் மூட்டுவலிக்கு நான்தான் கொடுத்தனுப்பியது. பையன் முதுகு வலிக்கிறது என்று இரவில் முனகியிருக்கிறான். நர்ஸைக் கூப்பிட வேண்டாம், பாவம் அலைகிறார்கள் என்று அம்மா ஒன்றைக் கொடுத்து, காலையில் இன்னொன்றும் கொடுத்திருக்கிறார்.

இந்த வகை வலி மாத்திரைகள் மெத்தோட்ரெக்சேட் கிட்னி வழியாக வெளியேறுவதைத் தடுக்கும். பரீட்சைக்குப் படித்து எழுதிய விஷயம் எனக்கு. ஏழு நாள் கூடுதலாக இருந்தோம். வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியாமல் துண்டில் துடைப்பான். இளநீரை ஸ்பூனில் விட்டால் பாதி வெளியே வரும். அம்மா அதற்குப் பிறகு தன் மூட்டுவலிக்கும் மாத்திரை போடவில்லை, போன வருடம் இறக்கும்வரை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அட்டையில் ஒரு வரி எழுதி ஒட்டிக் கொடுத்திருந்தால் போதும், நான் செய்யவில்லை.

மெத்தோட்ரெக்சேட்டுக்கு இத்தனை காவல் தேவைப்படுவதால்தான், மருந்தளவு பார்க்க வசதியில்லாத இடங்களையும் மனதில் வைத்து மும்பை டாடா மெமோரியலில் அது இல்லாமலே ஒரு கூட்டை வகுத்தார்கள். டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின், ஐபாஸ்பமைடு. நம் நாட்டு நிலைமைக்காக யோசித்துச் செய்த கூட்டு, அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஜனவரி 26

நேற்றையதற்குத் துணையாக. டார்கெட் மாத்திரை எடுப்பவர்கள் பம்பளிமாஸ் தொட வேண்டாம். ஏற்காட்டிலிருந்து யாராவது அன்பாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கிரேப்புரூட் குடும்பம் அது, அதைச் சாப்பிட்டால் பல டார்கெட் மாத்திரைகள் குடலில் உடையாமல் ரத்தத்தில் அதிகமாக ஏறிவிடும். கமலா ஆரஞ்சு பரவாயில்லை.

பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு, லேகியம், எதுவானாலும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேட்டால் திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம்.

பிப்ரவரி 2

ஆத்தூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார், மகனுக்கு யூவிங் சார்கோமா, இடுப்பெலும்பில். நான் எழுதியதையெல்லாம் அவனுக்கும் பொருத்திப் பார்த்துக் குழம்பியிருக்கிறார். மன்னிக்க வேண்டும், முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். எலும்புப் புற்று என்று ஒரே பெயரில் சொன்னாலும் யூவிங் வேறு நோய், கீமோ கூட்டும் வேறு. அதற்குக் கதிர்வீச்சும் கேட்கும், ஆஸ்டியோசார்கோமா கதிர்வீச்சுக்கு எளிதில் மசியாது.

யூவிங் திரும்ப வந்தால் எந்தக் கூட்டு நல்லது என்று ரீக்கர் என்ற ஆய்வில் பார்த்தார்கள். நான்கு கூட்டுகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, பின்தங்கியதை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். ஜெம்சிட்டாபின்-டோசிடாக்சல் முதலில் போனது, அடுத்து இரினோடீகன்-டெமோசோலமைடு. கடைசி இரண்டில் டோப்போடீகன்-சைக்ளோபாஸ்பமைடைவிட அதிக அளவு ஐபாஸ்பமைடு, தனி மருந்தாகவே, முன்னால் நின்றது. ஒரு பழைய மருந்து இரண்டு மருந்துக் கூட்டுகளைத் தாண்டியிருக்கிறது. ஒன்றுக்கு இரண்டு பலமா என்ற முதல் கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா இன்னொன்றும் கேட்டார். யூவிங்குக்குப் போடும் வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது என்பது உண்மையா? உண்மை. வீட்டு வாசலில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் அதே செடிதான். அதனால் இலையைக் காய்ச்சிக் கொடுக்கலாமா? கூடவே கூடாது அம்மா. ஒரு ஊசி அளவு மருந்துக்கு இலை மூட்டை மூட்டையாக வேண்டும், கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று அளக்கவும் முடியாது. ஏற்கெனவே ஊசியில் அது போய்க்கொண்டிருக்கிறது. நரம்பு மரத்துப்போவதும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும்.

பிப்ரவரி 9

"உங்கள் மருமகன் இப்போது எப்படி இருக்கிறான்?" என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். 2020 ஜனவரியில் போய்விட்டான். பொங்கல் முடிந்து நான்காவது நாள்.

2018 முழுக்க நன்றாக இருந்தான். மலையில் வீடு, சேலத்துக்கு ரத்தப் பரிசோதனைக்கு வர 20 கொண்டை ஊசி வளைவு. கீமோ முடித்து மேலே ஏறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் வாந்தி வரும். அதைத் தள்ளிப்போட வளைவு எண் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவான். பஸ்ஸில் இருக்கிறவர்களும் சேர்ந்து எண்ணுவார்கள். வாந்தியை அடக்கும் ஆண்டான்செட்ரான் மாத்திரையைக் கிளம்பும் அரை மணிக்கு முன்பே போட வேண்டும், அடிவாரத்தில் போட்டால் பிரயோஜனம் இல்லை. இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

2019 ஏப்ரலில் நுரையீரலில் வளர்ந்தது. ஐபாஸ்பமைடு, எட்டோபோசைடு. அது அடங்காமல் ரெகோராபெனிப் என்ற டார்கெட் மாத்திரை மட்டும். ரெகோராபெனிப்புக்குப் பிரெஞ்சு ஆய்வு அந்த வருட ஆரம்பத்தில்தான் வந்திருந்தது. எட்டு வாரம் கழித்து நோய் வளராமல் நின்றவர்கள் மாத்திரை எடுத்த 26 பேரில் 17 பேர், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 12 பேரில் ஒருவர்கூட இல்லை. அதை நம்பித்தான் டாக்டரே ஆரம்பித்தார்.

ஐந்து மாதம் நின்றது. உள்ளங்கையும் உள்ளங்காலும் தோலுரிந்து சிவந்துபோனது. யூரியா கிரீமை அக்கா இரவில் தடவி, பருத்தி சாக்ஸ் மாட்டிவிடுவாள். அந்த ஐந்து மாதத்தில் அவன் பிளஸ் டூ பாடம் படித்தான், சேர்வராயன் கோயிலுக்கு மச்சான் தோளில் சாய்ந்துகொண்டு போய் வந்தான். அந்த ஐந்து மாதத்தை நான் சிறிதாக நினைக்க மாட்டேன்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போது டார்கெட் மாத்திரை வேலை செய்கிறதே, ஏன் எங்களை வேண்டாம் என்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

தனியாகக் கொடுத்து நோயை நிறுத்திவைப்பது ஒன்று. கீமோவோடு சேர்த்துக் கொடுப்பது வேறொன்று. இரண்டும் ஒரே உடம்பில் இறங்குகின்றன. லென்வாட்டினிப் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரில் புரதம் போகவைக்கும். ஐபாஸ்பமைடு ஏற்கெனவே கிட்னியைத் தொடும், மூத்திரப்பையில் ரத்தக்கசிவு வராமலிருக்க மெஸ்னா கொடுத்துக் காவல் காக்கிறார்கள். ரத்த அணுக்களின் கவுன்ட் விழும். புதிதாக ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் மாத்திரை என்பதால் புண் ஆறவும் தாமதமாகும், ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் நிறுத்தியாக வேண்டும். நுரையீரல் ஓரத்தில் இருக்கும் கட்டி உள்ளே குழிந்து ஓட்டை விழுந்து, காற்று வெளியே கசிந்து நுரையீரல் சுருங்கிப்போவதும் உண்டு. திடீர் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் வரும். ஆய்வில் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் பார்த்து அளவைக் குறைக்க ஆள் இருக்கிறது. வீட்டில் நீங்கள் கொடுத்தால் யார் பார்ப்பது?

பிப்ரவரி 16

ஜனவரி 12-ல் லென்வாட்டினிப் 'தோற்றுவிட்டது' என்று எழுதினேன். அந்த வார்த்தை ஒரு மாதமாக உறுத்துகிறது. 81 பேர் ஆய்வு பெரிய வித்தியாசத்தைத் தேடியது, அது கிடைக்கவில்லை. சிறிய பலன்கூட அறவே இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சேர்த்தால் நல்லது என்று நிரூபிக்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

தேடலை யாரும் நிறுத்தவும் இல்லை. கபோசான்டினிப் என்ற இன்னொரு மாத்திரையை, நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு முதல் மூன்று கீமோ மருந்துகளோடு சேர்த்து அமெரிக்கக் குழந்தைகள் புற்றுநோய்க் குழுவினர் ஆய்வு நடத்திக்கொண்டிருக்கிறார்கள். நோய் திரும்பும்வரை காத்திருக்காமல் ஆரம்பத்திலேயே சேர்த்தால் என்ன என்ற யோசனை. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது. நம்பிக்கை இருந்த சோலட்ரோனிக்கும் என்ன ஆனது என்று ஞாபகம் வருகிறது.

நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மிபாமுர்டைடு மருந்து பற்றிக் கேட்ட நண்பருக்கு: ஒரே ஆய்வைப் படித்து ஐரோப்பா 2009-ல் அனுமதி கொடுத்தது, அமெரிக்கா கொடுக்கவில்லை. கீமோவோடு சேர்த்தபோது ஆறு வருடம் உயிரோடிருந்தவர்கள் 70 சதவீதத்திலிருந்து 78 ஆனார்கள் என்பது கணக்கு. அது பரவாத நோய் உள்ளவர்களுக்கு நடத்திய ஆய்வு. படித்தவர்களே ஒரே தாளை வைத்துக்கொண்டு இரண்டு முடிவுக்கு வருகிறார்கள் என்றால், வாட்ஸ்அப்பைப் பார்த்து நாம் முடிவெடுக்க முடியுமா?

பிப்ரவரி 23

சென்னையில் இரண்டாவது கருத்து கேட்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. எனக்குத் தெரிந்த கேள்விகள்:

மூன்று கட்டியையும் ஆபரேஷனில் எடுக்க முடியுமா? இதை முதலில் கேளுங்கள். நுரையீரலில் வந்தது கொஞ்சமாக இருந்து எல்லாவற்றையும் எடுக்க முடிந்தவர்களில் நீண்ட காலம் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். எந்த மாத்திரையையும்விட அதில்தான் என் கவனம் போகும். எங்கள் பையனுக்கு இரண்டு பக்கமும் நிறைய இருந்ததால் அந்த வழி இல்லாமல் போயிற்று.

இவளுக்குப் பொருந்தும் டிரையல் ஏதாவது திறந்திருக்கிறதா? இருந்தால், எதோடு எதை ஒப்பிடுகிறார்கள்? மாத்திரை இல்லாத பக்கம் விழுந்தால் என்ன சிகிச்சை? எத்தனை முறை சென்னைக்கு வர வேண்டும், ஸ்கேன் செலவு யாருடையது? கையெழுத்துப் போடும் தாளைத் தமிழில் வாங்கி வீட்டுக்கு எடுத்து வாருங்கள், அங்கேயே நின்று போட வேண்டாம்.

அப்புறம் மகளிடம் கேளுங்கள். 14 வயதுப் பிள்ளைக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் தெரியும். எங்கள் பையனிடம் நாங்கள் கடைசிவரை நேராகப் பேசவில்லை, அவன் போன பிறகு அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்துவைத்திருந்தான் என்று புரிந்தது. 'என் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டேன், மாமாவிடம் சொல்ல வேண்டாம்' என்று அக்டோபர் தேதி போட்டு எழுதியிருந்தான்.

ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் கிடையாது, கூட வருபவருக்கும் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்ச் 2

நேற்று மாலை தம்பியும் பாப்பாவும் கடைக்கே வந்துவிட்டார்கள். சென்னைக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கவுண்டரில் கொட்டினோம். 11 ஐட்டம். ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஏழு. மீதி நான்கில் ஒன்று சத்து மாத்திரை, ஒன்று பாட்டியின் வலி மாத்திரை, ஒன்று யாரோ கொடுத்த லேகியம். நான்காவது லென்வாட்டினிப், ஒரு அட்டை, வேறு கடையில் ஜனவரியிலேயே வாங்கியது. பிரிக்கவில்லை. கேள்வி கேட்பதற்கு முன்பே வாங்கிவிட்டேன் அண்ணா, சொல்ல வெட்கமாக இருந்தது என்றார்.

வலி மாத்திரை அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச்சில் 'பாப்பாவுக்குக் கொடுக்காதே' என்று எழுதி ஒட்டினேன். பாப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பாட்டிக்குக் கண் தெரியாது, பெரிசா எழுதுங்க என்றாள். பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

11 பெயரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, லென்வாட்டினிப்புக்கு நேரே 'இன்னும் கொடுக்கவில்லை, கேட்க வேண்டும்' என்று குறித்திருக்கிறேன். செவ்வாய் காலை டாக்டரைப் பார்க்கிறார்கள்.